ஏழு சுற்றுத் துணி

அழுதுகொண்டு வருகிற வாடிக்கையாளர் உண்மையைச் சொல்வார், கோபமாக வருகிறவர் சொல்லக் கூடாததையும் சேர்த்துச் சொல்வார் என்பது காமராஜின் அனுபவம். காலை பத்து மணிக்கு மாடிப்படி ஏறி வந்த ஹரிகிருஷ்ணன் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், பெண் பார்க்க வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இவர் எந்த வகை என்று காமராஜுக்குப் பிடிபடவில்லை.

ஜெயபாயின் துப்பறியும் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்தது. எவ்வளவு பெரிய துயரத்தோடு ஏறி வந்தாலும் முதல் ஐந்து நிமிஷம் மனிதனின் மூக்கு கீழ்த்தளத்திலேயே தங்கிவிடும். ஜெயபாய் இருபத்திரண்டு வருஷம் போலீஸில் குற்றப்பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அதிகம் பேச மாட்டார். அந்தக் குறை தெரியாமல் இருக்கத்தான் உதவியாளன் காமராஜை ஆண்டவன் அனுப்பி வைத்திருந்தான்.

"ஒரே ஒரு நாள் வேலை மேடம்" என்றார் ஹரிகிருஷ்ணன். "நான் குடுத்த புகாருக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ராஜபாளையம் போலீஸ் ஸ்டேஷன்ல விசாரணை. அதுக்குள்ள ஜோயல்தான் திருடன்னு ஒரு ஆதாரம் வேணும்."

"அவன்தான்னு முடிவு பண்ணிட்டீங்க. எங்களுக்கு மிச்ச வேலைதான்" என்றான் காமராஜ்.

ஜெயபாய் அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி அடக்கினார். "முதல்ல இருந்து சொல்லுங்க."

ஹரிகிருஷ்ணன் சொன்னார். பஞ்சாலைகளில் நூல் அறுந்த பிறகு ஓடிப்போய் முடிச்சுப் போடுவார்கள். அறுவதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டு, இன்ன இடத்தில் நூல் அறுந்துவிடப் போகிறது என்று சொல்லும் ஒரு பெட்டியை அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள். பெட்டிக்குப் பெயர் 'செவி'. வடிவமைப்பு ஜோயல், மின்னணு வேலை மாரீஸ்வரி, மில் நுணுக்கமும் வெளிவேலையும் ஹரிகிருஷ்ணன். மூன்று வருஷ உழைப்பு. போன ஆகஸ்ட்டில் ஜெர்மனியில் நடந்த ஒரு பெரிய தொழில்நுட்பக் கண்காட்சிக்கு மூன்று பேருமாகப் போய்க் கடை போட்டார்கள்.

"கூட்டம் எப்படி?" என்றான் காமராஜ்.

"நல்ல கூட்டம்." ஹரிகிருஷ்ணன் தயங்கினார். "எங்களுக்குக் கெடைச்ச எடம் பாத்ரூமுக்குப் பக்கத்துல. வந்தவங்க எல்லாரும் வழிதான் கேட்டாங்க."

காமராஜின் நாக்கில் ஒன்று வந்தது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் ஜோயல் வேலையை விட்டுப் போய்விட்டான். ஐந்தாம் மாதம் கோயம்புத்தூரில் நடந்த ஒரு இயந்திரக் கண்காட்சியிலிருந்து நண்பர் ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அதே பெட்டி. உள்பக்கத்தை வெட்டிக் காட்டும் படத்தில் 'செவி'யின் குடல் ஈரல் எல்லாம் அப்படியே இருந்தது.

"காப்புரிமைக்கு விண்ணப்பம் போடலயா?" என்றார் ஜெயபாய்.

"பேப்பர் எல்லாம் ரெடியா இருந்துச்சு மேடம். ஆடி பொறந்துருச்சு. ஆடியில புதுசா ஒன்னும் தொடங்க வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்துல போட்ருவோம்னு என் மாமனார் சொன்னாரு. ஆவணியில போனா, ஊரறியக் காட்டிட்டு வந்த பொறவு போட்டா செல்லாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

"கண்காட்சி எந்த மாசம்?"

"ஆடிதான்."

"ஜெர்மனிக்காரனுக்கு ஆடி கிடையாதுல்ல மேடம்" என்றான் காமராஜ். இந்த முறை விழுங்க முடியவில்லை.

ஹரிகிருஷ்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. ஜோயல் லேப்டாப்பில் வரைந்த வரைபடத்தின் நகலையும் பிரசுரத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜோயலுக்குப் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறதாம். போலீஸில் புகார் எதுவும் இல்லை என்ற சான்று இன்றைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் ஹரிகிருஷ்ணனின் கண் மேஜையை விட்டு நிமிரவில்லை.

"அவன் மேல எனக்கு வன்மம் கிடையாது மேடம். எனக்கு இருக்கது ஒரே ஒரு ஆர்டர். யூர்கன்னு ஒரு மில் முதலாளி. கண்காட்சியில பாத்தாரு. நாப்பது பெட்டி கேட்டுருக்காரு. அப்பப்ப மெயில் போட்டுக்கிட்டு இருக்கோம். இந்தத் திருட்டு விஷயம் அவர் காதுக்குப் போறதுக்கு முன்னால திருடனப் பிடிச்சாச்சுன்னு நான் சொல்லணும். அந்த ஆர்டர் வந்துட்டா ஷெட்டத் தெறந்து வச்சிருப்பேன். வரலன்னா மூடிட்டு மாமனார் மில்லுல சூப்பர்வைசரா நிக்கணும்."

ஜெயபாய் பிரசுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு வரியின் மேல் அவர் விரல் நின்றது. 'ஏழடுக்கு மருத்துவத் துணி உறை, அதிர்வைத் தடுக்கும்' என்று அதற்கு அர்த்தம். படத்தில் மைக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டு இருந்தது. ஜோயலின் வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் ரப்பர் வளையம்தான் இருந்தது.

"இந்தக் கட்டு உங்க பெட்டியிலயும் உண்டா?"

"உண்டு மேடம். பிளேன்ல போனதுல ரப்பர் வெடிச்சிருச்சு. மாரீஸ்வரி அங்க வச்சுக் கட்டுனா. ரப்பரவிட நல்லா வேலை செஞ்சது, அப்படியே விட்டுட்டோம். அது சின்ன விஷயம். மத்ததப் பாருங்க, அம்புட்டும் ஜோயல் வரைஞ்சது."

"மாரீஸ்வரி எங்க இருக்காங்க?" என்று ஜெயபாய் எழுந்தார்.

*

சோழபுரத்தில் மாரீஸ்வரியின் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்று வட்டாரத்து விவசாயிகள் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஷெட்டில் வேலை நின்றதும் மாரீஸ்வரி மறுபடி அந்தக் கடைக்கே வந்துவிட்டாள். இவர்கள் போய் இறங்கியபோது செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"தங்கச்சி, ஒரு விஷயம்" என்று காமராஜ் ஆரம்பித்தான்.

அவள் இடது கையைத் தூக்கி நிறுத்தினாள். போக்குவரத்துப் போலீஸ்கூட அவனை அப்படி நிறுத்தியதில்லை. ஐந்து நிமிஷம் இருவரும் வெயிலில் நின்றார்கள். கம்பியை வெட்டி முடித்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒரு சுத்து கூடுனாலும் மோட்டார் எரிஞ்சிரும்ணே. அப்பா சின்ன வயசுலயே கையில அடிச்சுப் பழக்குனது. சொல்லுங்க."

ஜெயபாய் சுற்றி வளைக்கவில்லை. "ஜெர்மனியில அந்த மைக்கத் துணியில கட்டுனது நீதான?"

"ஆமா மேடம். எங்கம்மா சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறிக்குப் போறவ. நான் எந்த ஊருக்குப் போனாலும் பையில ரெண்டு ரோல் போட்ருவா, காயம்கீயம் பட்டா ஆகும்னு. பட்டது மெஷினுக்கு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மொத நாள் காலையில ஹால் தெறக்க ஒரு மணி நேரம் இருக்கு. மெஷின் சும்மா கத்துது. ஜோயல் பேட்ஜ் வாங்க வரிசையில நின்னான். நான்தான் கட்டுனேன். ஹரியண்ணன் பாதியில வந்தாரு."

"எத்தனை சுத்து?"

"பதினொன்னு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

அவள் கேள்வியே புரியாதவள் மாதிரி பார்த்தாள். "பதினொன்னு மேடம். ஏழு எட்டுல பாத்தேன், அதிர்வு நிக்கல. ஒவ்வொன்னா ஏத்திக்கிட்டு வந்தேன். பதினொன்னுல நின்னுச்சு. மேல பிளாஸ்திரி போட்டு ஒட்டிட்டேன்."

"பிளாஸ்திரிக்கு மேல பாத்து எத்தனை சுத்துன்னு எண்ண முடியுமா?"

"எப்படி முடியும்? பிரிச்சாத்தான் தெரியும். இன்னைக்கு வரைக்கும் யாரும் பிரிக்கல. அதே கட்டுதான் இருக்கு."

ஜெயபாய் பிரசுரத்தை நீட்டினார். மாரீஸ்வரி படித்தாள். முகம் சுருங்கியது.

"ஏழுன்னு போட்டுருக்கான். இது வேலை செய்யாதே."

திருடு போனதற்கு வருந்துவதா, திருடினவன் தப்பாகத் திருடியதற்கு வருந்துவதா என்று தெரியாமல் அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஜோயல் செய்யலை மேடம். நான் சொன்னா ஆதாரம் ஆகாது. ஆனா செய்யலை" என்றாள்.

காரில் ஏறியதும் காமராஜுக்கு வாய் நிற்கவில்லை. "மேடம், இது என்ன திருட்டு? பேண்டேஜையும் சேத்துக் காப்பி அடிச்சுருக்கான். நல்லவேளை மாரீஸ்வரி அதுல திருநீறு பூசல. பூசியிருந்தா அதையும் அச்சடிச்சு, 'புனித வெள்ளைப் பொடி'ன்னு போட்டுருப்பான்."

"ஏலே, வண்டிய ஓட்டு" என்றார் ஜெயபாய். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே பேசினார். "ஜோயல் அவன் வரைபடத்த வித்திருந்தா, இதுல ரப்பர் இருந்துருக்கும். துணியப் பத்தியும் சேத்துச் சொல்லியிருந்தான்னு வச்சுக்க. எத்தனை சுத்துன்னு அவன் யாரக் கேட்டுருப்பான்?"

"மாரீஸ்வரிய."

"கேட்டா என்ன வந்துருக்கும்?"

"பதினொன்னு." காமராஜ் ஸ்டியரிங்கில் தட்டினான். "அப்ப பயல் தப்பிச்சான்."

"ஏழுன்னு சொன்னவன் ஒருத்தன் இருக்கான்லே. தானே பாத்து, தப்பா எண்ணி, அதையே நம்புறவன்."

அதைச் சொன்ன குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. காமராஜ் அதைக் கவனித்தான், கவனிக்காதது போல இருந்துகொண்டான். அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு நல்ல முடிவு வேண்டியிருந்தது.

*

தேவதானத்தில் ஜோயல் பையைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தான். ஒல்லியான பையன், இருபத்தேழு வயது. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத கண். உள்ளே அவன் அம்மா யாரோடும் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள் என்று ஜோயலே சொன்னான்.

"ஆறரைக்குப் பெங்களூர் பஸ். டிக்கெட் போட்டுட்டேன். சான்று கெடைச்சா ஏறுவேன். கெடைக்கலன்னா டிக்கெட் போச்சு, அம்புட்டுத்தான்."

"ஏன் வேலைய விட்ட?" என்றார் ஜெயபாய்.

"நம்பிக்கை போயிருச்சு மேடம். திரும்பி வந்து மூணு மாசம் அந்த ஷெட்டுல உக்காந்து ஒரு ஆர்டர் மெயிலுக்காகக் காத்துக் கெடந்தோம். அண்ணன் தெனமும், 'வந்துரும், வந்துரும்'பாரு. எனக்கு அவர் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் போனேன்."

"ஸ்டால்ல பெட்டியோட மூடியத் தெறந்து யாருக்காவது காட்டுனீங்களா?"

ஜோயல் முதல் தடவையாகச் சிரித்தான். "எல்லாருக்கும் காட்டுனோம். பக்கத்து ஸ்டால் ஜப்பான்காரன் அவன் மெஷினக் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருந்தான், தொட விடமாட்டான். நம்ம ஊர்ல அப்படியா? மூடி போட்ட மெஷின எந்த மில்லுக்காரன் வாங்குவான்? தெறந்து காட்டு, கைய விட்டுப் பாக்கட்டும், அப்பத்தான் நம்புவான்னு அண்ணன் சொல்லுவாரு. நாங்க ஸ்க்ரூவே போடல. ஆனா பாக்கத்தான் ஆளில்ல. நாலு நாள்ல ஸ்டாலுக்கு வந்தவங்க நூறு பேருக்கு மேல. அதுல பாத்ரூம் கேக்காதவங்க நாலே பேரு."

"யார் யாரு?"

"ரெண்டு பேரு காலேஜ் பையங்க, இலவசப் பேனாவுக்கு வந்தாங்க. ஒரு வயசான அம்மா, இந்தியாவுல யானை வளக்கீங்களான்னு கேட்டுச்சு. நாலாவது யூர்கன். மூணாம் நாள் வந்தாரு. அவரும் கெளம்பிப் போகத்தான் பாத்தாரு. அண்ணன்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்து மூடியத் தூக்குனாரு. முக்கால் மணி நேரம் நின்னாரு மனுஷன். நாங்க மூணு பேரும் அன்னைக்கு ராத்திரி ரூம்ல குக்கர்ல பொங்கல் வச்சு சாப்ட்டோம். அவ்வளவு சந்தோஷம்."

"மைக்குல இருந்த துணி எத்தனை சுத்து?"

"தெரியாது மேடம். பத்து இருக்கும், பதினஞ்சு இருக்கும். அது மாரீஸ்வரிக்கா டிபார்ட்மென்ட்."

ஜெயபாய் காருக்கு நடந்தார். காமராஜ் பையன் தோளைத் தட்டி, "அஞ்சு மணிக்கு தைரியமா வா. உன்மேல ஒன்னும் இல்லன்னு நிரூபிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு அவன் பலமுறை நினைத்தான்.

*

ராஜபாளையத்தில் ஹரிகிருஷ்ணனின் ஷெட்டில் மூன்று மேஜைகளில் இரண்டு காலி. மூன்றாவது மேஜையில் அவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மணி மூன்றே முக்கால். இவர்களைப் பார்த்ததும் ஆவலாக எழுந்தார்.

"கெடைச்சதா மேடம்?"

"ஒரு சின்னச் சந்தேகம்" என்றார் ஜெயபாய். "மாரீஸ்வரி கட்டுன துணி எத்தனை சுத்து?"

"ஏழு."

தயக்கமே இல்லாமல் வந்தது பதில். காமராஜ் ஜெயபாயைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன். கட்டும்போது நான் நின்னேன்ல. எண்ணுனேன்."

"நீங்க வாரதுக்கு முன்னால நாலு சுத்து சுத்தியாச்சு சார்" என்றார் ஜெயபாய். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "மொத்தம் பதினொன்னு. ஏழுன்னு நினைக்கிற ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தான். இந்த ஏழ நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்லப் போறேன்? இங்க யாரு கேக்கா? யூர்கன் ஒருத்தர்தான்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ஹரிகிருஷ்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. வெளியே ஒரு மில்லில் ஷிப்ட் சங்கு ஊதியது.

"அந்த மெயில எல்லாம் செத்த காட்டுங்க" என்றார் ஜெயபாய்.

ஹரிகிருஷ்ணனே காட்டினார். ஐந்து கடிதங்கள். ஒவ்வொன்றிலும் யூர்கன் ஊர் விசாரிப்பார், மில்லில் எல்லோருக்கும் 'செவி' பிடித்திருப்பதாக எழுதுவார், வாங்குவதற்கு முன் ஒரே ஒரு விவரம் கேட்பார். மைக் எந்த வகை? பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு இடைவெளி? தூசி எப்படி உள்ளே போகாது? சத்தத்தைப் பிரிக்கும் கணக்கு எப்படி? அந்த வெள்ளைத் துணி என்ன, எத்தனை அடுக்கு? ஒவ்வொன்றுக்கும் ஹரிகிருஷ்ணன் அன்றைக்கே பதில் போட்டிருந்தார். ஒவ்வொரு பதிலும் இரண்டு பக்கம். கூடவே படம். துணியைப் பற்றிய பதிலில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெய்கிற மருத்துவத் துணி, ஏழு சுற்று, வேண்டுமானால் ஒரு ரோல் அன்பளிப்பாக அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

காமராஜ் பிரசுரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஐந்து சிறப்பம்சங்கள் போட்டிருந்தன. ஐந்து கடிதங்கள் வந்த அதே வரிசை.

"வாங்கப் போறவர் கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?" ஹரிகிருஷ்ணன் யாரிடமோ கேட்டார். "எங்க மாமனார் நூல் விக்கப் போனா பார்ட்டிய மில்லுக்குள்ள கூட்டிட்டுப் போய் மூட்டையப் பிரிச்சுக் காட்டுவாரு. அப்படித்தான எல்லாரும் யாவாரம் பண்ணுனோம். அந்த ஊர்ல ரெண்டு நாளா ஒருத்தன் எங்கள ஏறிட்டுப் பாக்கல மேடம். என்னைய நம்பி வந்த ரெண்டு பிள்ளைங்க நின்னுக்கிட்டே இருக்கு. இவன் ஒருத்தன் நின்னு கேட்டான். கேக்கக் கேக்க எனக்கு எம்புட்டு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

திருடனும் கடைசி வாடிக்கையாளரும் ஒரே ஆள். நாற்பது பெட்டி ஆர்டர் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. ஜோயலைக் காப்பாற்ற வந்த இடத்தில் இந்த மனிதரிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கியாயிற்றே என்று காமராஜ் நினைத்தான்.

"அவன்மேல வழக்குப் போடலாமா மேடம்?" என்று கேட்டான்.

"எதுக்குன்னு போடுவ? இவரா எழுதி, இவரா அனுப்புனது. காப்புரிமையும் இல்ல." ஜெயபாய் ஹரிகிருஷ்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், ஷெட்ட என்னால காப்பாத்த முடியாது. ஆனா அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஸ்டேஷன்ல வந்து, நான் தப்பா நினைச்சுட்டேன், விவரம் குடுத்தது நான்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

ஹரிகிருஷ்ணன் தலையாட்டினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். போகும்போது அந்த லேப்டாப்பை மூடவும் இல்லை.

*

ஸ்டேஷன் பெஞ்சில் ஹரிகிருஷ்ணனின் மாமனார் வந்து உட்கார்ந்திருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளை வேட்டி, மடியில் துண்டு. கூடவே உறவில் இன்னும் மூன்று பேர். எல்லோரும் 'செவி'க்காகப் பணம் போட்டு மருமகனை ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தவர்கள். திருடனை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள்.

ஜோயல் ஓரமாக, பையோடு நின்றான். காமராஜைப் பார்த்துத் தலையசைத்தான்.

ஸ்டேஷன் ரைட்டர் வெள்ளைத்தாளை ஹரிகிருஷ்ணன் பக்கம் தள்ளினார். "புகார வாபஸ் வாங்குறீங்களா? சந்தோஷம். காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"என்ன மாப்ள, வாபஸா?" என்று பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

ஹரிகிருஷ்ணனின் பேனா தாளின்மேல் நின்றது. காமராஜ் அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தான். எழுத ஆரம்பித்தார். நான்கு வரி. எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

ஜெயபாய் படித்தார். மேற்படி ஜோயல் தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாலும், அவருடைய எதிர்காலத்தைக் கருதியும், பெரியவர்கள் முன்னிலையில் சமாதானமாகப் போகிறோம் என்று இருந்தது. கீழே ஜோயல் கையெழுத்துப் போட இடம் விடப்பட்டிருந்தது.

"இது பொய் சார்" என்றார் ஜெயபாய் ரைட்டரிடம். "கடுதாசி எல்லாம் இருக்கு. அந்தப் பையன் தப்பே பண்ணல."

ரைட்டர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேஜையில் இன்னும் ஒன்பது மனுக்கள் இருந்தன. "மேடம், உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா இப்பவே முடிச்சு, புகார் இல்லைன்னு சான்ற அனுப்பிருவேன். இல்ல, உண்மை வேணும்னா விசாரிக்கணும். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துல இருக்காரு. திங்கக்கிழமை வாங்க."

ஜெயபாய் ஜோயலைத் தனியே அழைத்தார். "போடாத. நான் நிரூபிச்சுத் தாரேன்."

"எத்தனை நாள் ஆகும் மேடம்?"

பொய் சொல்ல ஜெயபாய்க்கு வராது. "ஒரு மாசம். கூடவும் ஆகலாம்."

"பெங்களூர்ல அவிய இன்னைக்கு வரைக்கும்தான் டைம் குடுத்துருக்காக." ஜோயல் மேஜைக்குப் போய்த் தாளை ஒருமுறை முழுதாகப் படித்தான். ஹரிகிருஷ்ணனைப் பார்த்தான். அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டான்.

"ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றார் ரைட்டர். "மேடம் போடுறீங்களா?"

ஜெயபாய் வெளியே போய்விட்டார். படியிறங்கிப் போவதைக் காமராஜ் பார்த்தான். அவனும் போயிருப்பான். ஆனால் பேனா அவன் பக்கம் நீட்டப்பட்டிருந்தது. நீட்டியது ஜோயல்.

"போடுங்கண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பேனாவை வாங்கினான். பெயர், அப்பா பெயர், தொழில். கேட்ட இடத்தில் எல்லாம் எழுதினான். 'துப்பறியும் அலுவலகம்' என்பதை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினான். ரைட்டர் முத்திரையை ஓங்கிக் குத்தி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, "முடிஞ்சது. போலாம்" என்றார்.

ஜோயல் பையைத் தோளில் மாட்டினான். பெஞ்சைத் தாண்டும்போது மாமனார் எழுந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். நல்ல மனிதர், குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"வயசுல தப்புப் பண்றது சகஜம் தம்பி. எங்க மாப்ள மன்னிச்சு விட்டுட்டாரு. இனிமேலாவது போற எடத்துல நாணயமா இருந்து பொழைச்சுக்கோ."

ஹரிகிருஷ்ணன் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"சரிங்கய்யா" என்றான் ஜோயல்.